சுடர் நாச்சிமுத்துவுக்கு ஒரு நிமிடம்

செங்காளிபாளையம் சுடர் சேவா கிளப்பில், ஆடி மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை சாயங்காலம், சாகாத ஒரு மனுசருக்காகப் பத்தொன்பது பேர் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டார்கள், சாப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள், அந்த மௌனம் மட்டும் போகவில்லை, அங்கேயே இருந்துவிட்டது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்த ஹாலுக்குள் வந்த எதுதான் திரும்பிப் போயிருக்கிறது? கண் சிகிச்சை முகாமுக்கு வந்த எழுத்துப் பலகை அங்கேதான் இருக்கிறது, ரத்ததான முகாமுக்கு வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டில் கடைக்காரரே மறந்துபோய் அங்கேதான் இருக்கிறது, ஏழு வருசத்துப் பேனர்கள் சுருட்டி வைத்தபடி மூலையில் அங்கேதான் இருக்கின்றன. மௌனமும் அதுபோல இருந்தது. மூன்றாவது வரிசையில், ஜன்னலை ஒட்டி, நான்கு நாற்காலி போடுகிற அளவுக்கு இடம் பிடித்துக்கொண்டு இருந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் ஹாலைப் பெருக்குகிற மாராத்தாள். வெள்ளிக்கிழமை காலை சீமாறு போட்டுக்கொண்டே வந்தவள், ஜன்னல் பக்கம் வந்ததும் சீமாறு தரையில் உரசுகிற சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள், நாற்காலியை இழுத்துப் பார்த்தாள், சத்தமில்லை, தன் மருமகளைப் பெயர் சொல்லி நாலு வார்த்தை திட்டிப் பார்த்தாள், அதுவும் கேட்கவில்லை. இரண்டடி தள்ளி வந்து திட்டினாள், கேட்டது. மறுபடி உள்ளே போய், கால் மணி நேரம் ஆசை தீரத் திட்டிவிட்டு, மீதி இடத்தைப் பெருக்கி முடித்து, கிளப் செயலாளர் சென்னியப்பனுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங், மூணாவது வரிசையில சத்தம் வேல செய்யலீங். ஆள உட்டுப் பாக்கச் சொல்லுங்."

சென்னியப்பன் என்கிற சுடர் சென்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கிளப்பில் எல்லாருக்கும் பெயருக்கு முன்னால் சுடர் உண்டு; விசிட்டிங் கார்டில், கல்யாணப் பத்திரிகையில், கார் கண்ணாடியில் சுடர் இல்லாமல் அவர்கள் பெயர் வராது. வியாழக்கிழமைதோறும் கூடுவார்கள், செயலாளர் வருகைப் பதிவேட்டைத் திறந்து அகர வரிசையில் பேர் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் எழுந்து "உள்ளேன்" என்பார்கள், அப்புறம் மூக்குக் கண்ணாடி எத்தனை கொடுத்தோம், தையல் மிசின் யாருக்குக் கொடுப்போம், கொடுக்கும்போது போட்டோவில் யார் யார் மிசினைத் தொட்டுக்கொண்டு நிற்பது என்று பேசுவார்கள், பேசி முடிந்ததும் தோசையும் குருமாவும். பன்னிரண்டு விசைத்தறி வைத்து ஓட்டுகிற சென்னியப்பன் ஒன்பது வருசமாக அங்கே செயலாளர். கையெழுத்து அழகு, தீர்மானம் எழுதினால் படிக்கிறவர் கண் கலங்கும். தறிச் சத்தத்திலேயே கிடந்து கிடந்து அவருடைய இரண்டு காதிலும் பதினோரு வருசமாக ஒரு சில்வண்டு உட்கார்ந்துகொண்டு கத்திக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூர் போய்ப் பார்த்தார், மருந்து விட்டார், பச்சிலை பிழிந்தார், ஒன்றுக்கும் அசையவில்லை. தூங்கும்போதும் கத்தும், சாமி கும்பிடும்போதும் கத்தும், அந்த எரிச்சலில் அவர் தன் மனைவி தெய்வானையைப் பார்த்துக் கத்துவார், தெய்வானை பாத்திரத்தைப் போட்டு உடைப்பாள். வீடு அப்படி.

சாகாதவருக்கு மௌனம் போட்ட கூத்துக்கும் அவர்தான் காரணம்.

ஆறு வருசத்துக்கு முன்னால் ஓர் உறுப்பினர் புதன்கிழமை இறந்துபோனார், வியாழக்கிழமைக்குள் இரங்கல் தீர்மானம் எழுத வேண்டியிருந்தது, தறியில் பாவு நூல் அறுந்து கிடந்த அவசரத்தில் சென்னியப்பன் இரண்டே வரி எழுதிவிட்டார். இறந்தவரின் சம்சாரம் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இருவது வருசம் உங்க முகாமுக்கெல்லாம் முன்னால நின்னாரு, அவருக்கு ரெண்டு வரிதானுங்களா?" என்று கேட்ட கேள்வி அவர் நெஞ்சில் குத்தி நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். எழுபது வயது தாண்டிய உறுப்பினர் எல்லாருக்கும் இரங்கல் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி, தேதி மட்டும் போடாமல், பச்சைக் கோப்பில் வைத்துவிடுவார். ஆள் உயிரோடு இருக்கும்போது எழுதினால் நல்ல வார்த்தை வரும், செத்தபின் எழுதினால் அவசரம்தான் வரும் என்பது அவர் கட்சி. யாருக்கும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய விசயமா அது?

அந்த ஆடியில் சுடர் நாச்சிமுத்து குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எழுபத்தாறு வயது, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்து மூடியவர், சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை, கீழே மருந்துக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் தனியாக இருந்தார். முப்பத்தொரு வருசத்தில் ஒரு வியாழன் தவறாதவர். கூட்டத்தின் கடைசியில் நன்றியுரை அவருடையது, அதை வேறு யாரும் சொல்ல அவர் விட்டதில்லை. தலைவரில் ஆரம்பித்து, குருமாவில் உப்பு சரியாகப் போட்ட சமையல்காரர் வரைக்கும் பேர் சொல்லிச் சொல்லி இருபது நிமிடம் நன்றி சொல்லுவார், தோசை ஆறிப்போகும். சென்னியப்பன் அவரைப் பார்த்துவிட்டு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பச்சைக் கோப்பிலிருந்து அவர் தீர்மானத்தை எடுத்து ஒரு வரி சேர்த்தார்; தறியில் யாரோ கூப்பிட்டார்கள்; அந்த அவசரத்தில் தாளைப் பச்சைக் கோப்புக்குப் பதிலாகக் கூட்டக் கோப்பில் செருகிவிட்டார். வியாழக்கிழமை விடிகாலையில் கோப்பை ஹால் மேசைமேல் வைத்துவிட்டு, பழனியில் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார்.

தலைவர் பொங்கியண்ணன் டைல்ஸ் கடைக்காரர். அவர் வரையில் கோப்பில் இருந்தால் வாசிக்க வேண்டும், வாசித்தால் நிற்க வேண்டும். "நமது சுடர் நாச்சிமுத்து அவர்களின் மறைவுக்கு" என்று ஆரம்பித்தபோது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது, ஆனால் நிறுத்தவில்லை. முன்வரிசையில் ஒருவர், "எப்பங்க?" என்று பக்கத்தில் கேட்டார். "காலீல போலிருக்குதுங்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அந்தப் 'போலிருக்குது' வரிசை வரிசையாகப் பின்னால் போனது, கடைசி வரிசைக்குப் போகும்போது மாரடைப்பு என்று ஆகியிருந்தது, எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கிளப்பில் ஒரு நிமிட மௌனம் என்றால் முப்பத்தைந்து விநாடிதான். அதற்குள் யாராவது இருமுவார்கள், தலைவர் "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு மட்டும், ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று பொங்கியண்ணனுக்கு மனசு உறுத்தியது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அறுபது விநாடியும் நின்றார், ஒருவரும் இருமவில்லை. கிளப் தொடங்கி நடந்த முதல் முழு நிமிடம் அது. முழுசாக ஒன்றைச் செய்து, அதை உரியவரிடம் சேர்க்க முடியாமல் போனால், அது எங்கே போகும்? நாச்சிமுத்து வழக்கமாக உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த நாச்சிமுத்துவுக்கு மருந்துக் கடைக்காரர்தான் விசயம் சொன்னார். "அண்ணா, வீட்டு வாசல்ல உங்களுக்குக் கிளப்புல இருந்து மலர்வளையம் வெச்சுட்டுப் போயிருக்கறாங்." நாச்சிமுத்து, "வெயில்ல வெக்காதீங், தண்ணி தெளிச்சு வெய்யுங்" என்றார்.

மௌனத்துக்கு ஊர் பழகிக்கொண்டது எப்படி என்று கேட்டால், புதுசாக வந்த பேருந்து நிறுத்தத்துக்குப் பழகிக்கொண்டதுபோலத்தான். முதலில் வந்தவள் வயிற்றுவலிக்காரக் குழந்தையை வைத்திருந்த ஒரு தாய். உள்ளே கொண்டுபோய் உட்கார்ந்தாள், குழந்தை தன் அழுகை தனக்கே கேட்காமல் போனதில் திகைத்து, சுற்றும் முற்றும் பார்த்து, தூங்கிவிட்டது. மறுநாள் ஆறு தாய்மார்கள் வந்தார்கள். தறி ஓட்டுகிறவர்கள் சிப்டு முடிந்து வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து போனார்கள். பேசினாலே சண்டையாகிற ஒரு புருசன் பெண்டாட்டி வந்து எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்தித் தீர்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு ஒரே வண்டியில் போனார்கள். ஹாலைக் கல்யாணத்துக்கு எடுத்தவர்கள், பந்தியில் பிரச்சினை பண்ணுகிற சித்தப்பாவை மரியாதையாகக் கூட்டிக்கொண்டுபோய் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். அவர் எழுந்து நின்று கைநீட்டி என்னென்னவோ பேசினார், முகூர்த்தம் நல்லபடி நடந்தது. சிலர் மனசில் இருந்ததை வாய்விட்டுச் சொல்ல வந்தார்கள். கூட்டம் அதிகமானதால் கிளப் டோக்கன் போட்டது, ஆளுக்குப் பத்து நிமிடம், கைக்குழந்தைக்கு முன்னுரிமை. "சுடர் சேவா கிளப்பின் நிரந்தரத் திட்டம்" என்று கல்வெட்டு வைத்தது. மண்டலத் தலைவர் ரிப்பன் வெட்ட வந்தார், வெட்டிவிட்டு ஆர்வத்தில் உள்ளே நின்றபடியே பேசினார், முக்கால் மணி நேரம் அவர் வாய் அசைந்ததை எல்லாரும் பார்த்துக் கடைசியில் கைதட்டினார்கள். அவர் இதுவரை ஆற்றிய உரைகளில் அதுதான் சிறந்தது என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு.

சென்னியப்பன் மாராத்தாள் போன் பண்ணிய அன்றைக்கே உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தவர். உட்கார்ந்ததும் சில்வண்டு நின்றது. பதினோரு வருசம் நிற்காதது, ஒரே அடியாக நின்றது. அவருக்கு முதலில் செத்துப்போய்விட்டோமோ என்றுதான் தோன்றியது. அப்புறம் தன் மூச்சு நெஞ்சில் ஏறி இறங்குவது தெரிந்தது. அப்புறம் அழுகை வந்தது, அதுவும் சத்தமில்லாமல் வந்தது. சாவி அவரிடம் இருந்ததால் தினமும் காலை ஐந்தரைக்கு வந்து, டோக்கன்காரர்கள் வருவதற்குள் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். வெளியே வந்தால் வண்டு மறுபடி கத்தும்தான், ஆனால் நாளைக் காலை ஐந்தரைக்கு நிற்கும் என்று தெரிந்துவிட்டால் எதையும் தாங்கிக்கொள்ளலாம் இல்லையா? தெய்வானையிடம் நிதானமாகப் பேசினார். ஒருநாள் ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார், அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஆவணி மாதம், நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்து கிளப்புக்கு வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள், சிலர் காலில் விழுந்தார்கள். பொங்கியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பு நடந்துபோச்சுங்கண்ணா, இப்பவே தீர்மானத்த ரத்துப் பண்ணிப்போடலாம்" என்றார். சென்னியப்பன் தாளை எடுத்து, 'முன்னர் நிறைவேற்றிய இரங்கல் தீர்மானத்தை' என்று எழுதினார். எழுத எழுத, ஜன்னலோரத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த தாயின் மடியில் குழந்தை அழுகிற சத்தம் எங்கோ தூரத்தில் இருந்து வருவதுபோல மெல்லக் கேட்க ஆரம்பித்தது. தாய் பதறிப்போய், "ஐயோ, என்ற சாமி, எழுதாதீங்" என்று கத்தினாள், அதுவும் கேட்டது. சென்னியப்பன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். தாளைக் கிழித்தார். அழுகை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நின்றது.

அந்த நேரத்தில் அங்கே இருந்த எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது, யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அண்ணா, நீங்க உசுரோட இருக்கறது எங்க எல்லாருக்கும் தெரியுமுங்" என்றார் பொங்கியண்ணன், டைல்ஸ் பேரம் பேசுகிற குரலில். "நோட்டுல மட்டுந்தானுங் நீங்க இல்லாதவரு. ஊருக்கு எத்தன ஒபகாரமா இருக்குது பாருங்."

நாச்சிமுத்து அந்தத் தாயைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "நல்லதுன்னா இருந்துட்டுப் போகட்டுமுங்" என்றார். சேவைக் கிளப்பில் முப்பத்தொரு வருசம் இருந்தவர் வேறு என்ன சொல்லுவார்?

அன்றிலிருந்து அவர் விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். விருந்தினருக்குக் கொடுக்கிற ரோஜாப்பூவை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். "இன்றைக்கு நம்மோடு இருக்கிற விருந்தினர்" என்று தலைவர் சொல்ல, எழுந்து கும்பிட்டார். விருந்தினருக்குப் பேச இடமில்லை என்பதால் நன்றியுரையைப் பழனியப்பன் என்கிற உறுப்பினர் சொன்னார், நாலே வரி, தோசை சூடாக இருந்தது. சுவரில் நாச்சிமுத்துவின் படம், மாலை போட்டு, சீரியல் பல்பு சுற்றி. புதுசாகச் சேர்ந்தவர்கள் படத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி, "நகருங்க பெரியவரே" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்றில் மட்டும் கிளப் குறை வைக்கவில்லை: அவர் நிஜமாகவே செத்துப்போனால் மௌனம் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடுமே என்ற பயத்தில், வாரம் ஒரு முறை சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள், குளியலறையில் வழுக்காத டைல்ஸ் பொங்கியண்ணனே பதித்துக் கொடுத்தார். செத்தவரை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்ட கிளப் தமிழ்நாட்டில் வேறு இருக்காது.

வருகைப் பதிவேட்டில் அவருடையது பதினான்காவது பேர். நடராஜனுக்கும் பழனியப்பனுக்கும் நடுவில். சென்னியப்பன் நடராஜனைக் கூப்பிட்டுவிட்டுப் பழனியப்பனுக்குப் போகும்போது நாக்கு ஒரு கணம் தடுக்கும். தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார். பார்த்தால், ரோஜாப்பூ குத்திய சட்டையோடு அந்த மனுசர் நாற்காலியில் இருந்து அரை அங்குலம் எழுந்து மறுபடி உட்காருவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தை மாதம் ஆண்டு விழாவில்தான் விசயம் முற்றியது. 'சுடர் நாச்சிமுத்து நினைவுப் பரிசு' என்று ஒன்று ஏற்பாடு செய்து, நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒருத்திக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். கொடுப்பது யார்? மூத்தவர் கையால் கொடுப்பதுதான் முறை என்று நாச்சிமுத்துவையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவரும் ஏறினார், கேடயத்தைக் கொடுத்தார், போட்டோவுக்கு நின்றார்கள். அந்தப் பிள்ளை, பேர் வித்யா, கேடயத்தில் இருந்த பேரைப் படித்துவிட்டு மரியாதையாகக் கேட்டாள்: "நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க ஐயா?"

மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. நாச்சிமுத்து கேடயத்தில் இருந்த பேரைப் பார்த்தார்.

"தெரிஞ்சவருங் கண்ணு" என்றார். "கொஞ்சம் அதிகமாப் பேசுவாரு. மத்தபடி நல்ல மனுசந்தான்."

சிலர் சிரித்தார்கள். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் ஹாலைத் திறக்க வந்தபோது வாசலில் ஊன்றுகோலோடு நாச்சிமுத்து நின்றிருந்தார்.

"எனக்கு எழுதுன அந்தத் தீர்மானத்தப் படிக்கோணுமுங். இத்தன மாசமாச்சு, ஒருத்தரும் காட்டல."

சென்னியப்பன் எடுத்துக் கொடுத்தார். நாச்சிமுத்து கண்ணாடி போட்டுக்கொண்டு, குழல்விளக்கின் கீழ் நின்றபடியே படித்தார். 'அவர் குரல் ஒலிக்காத வியாழக்கிழமை எமக்கு வியாழக்கிழமை ஆகாது' என்ற வரி வந்ததும் நிறுத்தி, மறுபடி படித்தார்.

"நெசமாலுமே இப்படி நெனச்சுத்தான் எழுதுனீங்களா சென்னியப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லீங்கண்ணா" என்றார் சென்னியப்பன். "நீங்க பேசறப்ப நான் கடிகாரத்தத்தான் பாப்பனுங். எழுதறப்ப அப்படி வந்துதுங்."

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "நீங்கல்லாம் எனக்கோசரம் ஒரு முழு நிமிசம் நின்னீங்கன்னு கேட்டப்ப சந்தோசமாத்தான் இருந்துது, பொய் சொல்லக் கூடாது. படத்துக்கு மாலை போட்டீங்க, அதும் பரவால்ல. நன்றியுரை கூட வேண்டாமுங், பழனியப்பன் சுருக்கமாச் சொல்றாரு. ஆனா வாரா வாரம் நடராசனக் கூப்புட்டுட்டுப் பழனியப்பனுக்குத் தாவறீங்க பாருங்க, அந்த எடம்…" அவர் கையைக் காற்றில் விரித்தார். "வீட்டுல என்னையப் பேர் சொல்லிக் கூப்புட ஆளில்லீங். வாரத்துல ஒரு நா, ஒரே ஒருக்கா, நீங்க ஒருத்தர்தான் கூப்புட்டுட்டு இருந்தீங்க. மத்த ஆறு நாளும் அதுல ஓடீட்டிருந்துச்சு."

தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலை எடுத்து எடுத்து வைத்து, இறங்கிப் போனார்.

சென்னியப்பன் அன்றைக்கும் உள்ளே போய் உட்கார்ந்தார். வண்டு நின்றது. ஆனால் நிம்மதி வரவில்லை. ஊரான் வீட்டுக் கட்டிலில் படுத்ததுபோல இருந்தது. வீட்டுக்குப் போய்த் தெய்வானையிடம் எல்லாம் சொன்னார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், கேட்டு முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்த ஆறு மாசமாத்தான் நீங்க மனுசனா இருக்கறீங்க மாமா. நானும் மனுசியா இருக்கறேன். மறுக்கா அந்த வண்டு விடாமக் கத்துச்சுன்னா நீங்க என்னையத்தான் கத்துவீங்க, தெரியுமல்ல?"

"தெரியும்" என்றார் சென்னியப்பன்.

அவள் கத்தியை எடுத்து மறுபடி காய் நறுக்கினாள். "அந்த மனுசன் கூப்புட ஆளில்லீன்னு சொன்னாருன்னு எங்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?" என்றாள் கோபமாக. "சொல்லாம இருந்திருந்தா நான் வேண்டாமுன்னு சொல்லியிருப்பனல்ல?"

ரத்துத் தீர்மானம் போட முக்கால்வாசி உறுப்பினர் கை தூக்க வேண்டும் என்பது விதி. சென்னியப்பன் அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் மகளுக்கு மாசி முடிய பரீட்சை என்றார், ஒருவர் தன் அம்மாவுக்கு அங்கேதான் தூக்கம் வருகிறது என்றார். பொங்கியண்ணன், "சிறந்த நிரந்தரத் திட்டத்துக்கு மண்டல விருது பங்குனியில அறிவிக்கறாங்க, நம்ம பேரு இருக்குது. அவரென்ன உண்ணாம உறங்காமயா இருக்கறாரு? நல்லாத்தானுங் இருக்கறாரு" என்றார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே நல்ல காரணம்.

பங்குனி மாதத்து முதல் வியாழக்கிழமை. மண்டலத் தலைவர் முன்வரிசையில். மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி, இரண்டு தறிக்காரர்கள், கண்ணை மூடியபடி ஒரு பெரியம்மா. கடைசி வரிசையில், ரோஜாப்பூவோடு நாச்சிமுத்து. கொடிப்பாடல் முடிந்தது. சென்னியப்பன் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். காலை ஐந்தரைக்கு வந்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போயிருந்தார்.

பேர் கூப்பிட ஆரம்பித்தார். அங்கமுத்து, உள்ளேன். ஆறுமுகம், உள்ளேன். இளங்கோ, உள்ளேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், பதின்மூன்றாவதாக நடராஜன் எழுந்து உள்ளேன் என்று சொல்லி உட்கார்ந்தார்.

"சுடர் நாச்சிமுத்து" என்றார் சென்னியப்பன்.

கடைசி வரிசையில் ஊன்றுகோல் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பொங்கியண்ணன் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னுங் பண்றீங்க" என்றார். சென்னியப்பன் அவரைப் பார்க்கவில்லை, தலை நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்து, தறிச் சத்தத்துக்கு மேலே கூப்பிடுகிறவர்போலத் தொண்டையை விட்டு, இன்னொரு முறை கூப்பிட்டார்.

"சுடர் நாச்சிமுத்து!"

ஊன்றுகோல் இல்லாமல், முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். வாய் திறந்தது, முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் வந்தது.

"உள்ளேன்."

ஜன்னலோரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. மின்விசிறி கிரீச்சிட்டது, வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தது, அந்தப் பெரியம்மா கண்ணைத் திறந்து, "அட கெரகமே" என்றாள். எட்டு மாதம் நான்கு நாற்காலி இடத்தில் இருந்த ஒரு நிமிடம் எழுந்து போய்விட்டது. ஹால் முழுக்கக் கூச்சல். மண்டலத் தலைவர் எழுந்து நின்று என்ன நடக்கிறது என்று கேட்டார், ஒருவர் செயலாளரை நீக்கு என்றார், பொங்கியண்ணன் மேசையை அடித்தார். "தீர்மானம் இருக்குதுங்! தீர்மானத்துல அவரு செத்தவரு!"

"செத்தவருதானுங்" என்றார் சென்னியப்பன். "கூப்புட்டன். உள்ளேன்னு சொல்லிப்போட்டாரு. இனி நான் என்ன பண்ணட்டுமுங்?"

அவருடைய காதில் சில்வண்டு, எட்டு மாத மிச்சத்தையும் சேர்த்து, முன்னைவிட உரக்கக் கத்த ஆரம்பித்திருந்தது. கூச்சல் போடுகிறவர்களின் வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை சரியாகப் பிடிபடவில்லை. இனி சாகும்வரை இது இப்படித்தான், காலை ஐந்தரை என்று ஒன்று இனி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. பதினான்காவது பேருக்கு நேரே, எட்டு மாதமாகக் காலியாக இருந்த கட்டங்களைத் தாண்டி, அன்றைய தேதியில் ஒரு குறி போட்டார். நாச்சிமுத்து இன்னும் உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்தபடி, அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே நின்றிருந்தார்.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.